ஊரை ஊரிடம் கொடுங்கள்

“உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால இப்போ என்ன குடிமுழுகிப் போச்சு?” என்று கேட்டார் பக்கத்து இலைக்காரர். கல்யாண வீட்டுப் பந்தி. வருவாய்த்துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கை சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். “ரேஷன் வருது. உரிமைத்தொகை மாசாமாசம் அக்கவுண்ட்ல ஏறுது. பொம்பளைங்க பஸ்ஸுல காசில்லாம போறாங்க. எல்லாம் சென்னையிலேர்ந்தே ஒழுங்கா நடக்குது. நடுவுல பஞ்சாயத்துத் தலைவர்னு ஒருத்தர் வந்தா திங்கிறதுக்கு ஒரு வாய் கூடும், அவ்வளவுதான் சார்.” எதிர்வரிசையில் இரண்டு பேர் தலையசைத்தார்கள். பாயசம் வந்தது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

அது அந்த ஒரு மனிதரின் கருத்து என்றால் விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் படித்தவர்களில் பெரும்பாலோர் மனதில் இருப்பது அதுதான். இதில் கட்சி வேறுபாடு கிடையாது. மேடையில் முற்போக்கு பேசுகிறவர் அதையே கொஞ்சம் கனமான சொற்களில் சொல்வார்: இந்த மாநிலத்தை முன்னேற்றியது கோட்டையிலிருந்து நடத்தப்பட்ட வலுவான நலத்திட்ட அரசு, கிராமம் என்பது சாதியின் கோட்டை, அதன் கையில் பணத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தால் அது ஆதிக்க சாதியின் கைக்குத்தான் போய்ச் சேரும், ஆகவே ஊர், உள்ளூர் நிர்வாகம், சிக்கனம் என்று பேசுகிறவர்கள் பழமைவாதிகள்.

அந்தப் பெயரை நான் மறுக்கப் போவதில்லை. தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரத்தை, அது எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும், முழுக்க நம்பக்கூடாது என்பது என் பழமைவாதம். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருக்கிற சிறிய அதிகாரம் தப்பே செய்தாலும் பிடித்து நிறுத்திக் கேட்க முடியும். ஊரும் குடும்பமும் சங்கமும் செய்யக்கூடிய வேலையை அரசு பிடுங்கிக்கொண்டு செய்ய வேண்டாம். வரவு தெரிந்து செலவு செய்ய வேண்டும். உரிமை கேட்கிறவன் தன் பங்குக் கடமையையும் செய்ய வேண்டும். இவ்வளவுதான். இதில் யாரையும் யாருக்கும் கீழே வைக்கிற பேச்சு இல்லை.

கோட்டையிலிருந்து இறங்கி வந்த திட்டங்கள்தான் நம்மை வளர்த்தன என்பதற்கு எல்லோரும் முதலில் எடுத்துக் காட்டுவது பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை. 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். இரண்டும் உண்மை. ஆனால் அந்தச் சோறு முதலில் வெந்த அடுப்பு கோட்டையில் இல்லை. 1920இல் சென்னை மாநகராட்சி மன்றம், தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போடத் தீர்மானம் நிறைவேற்றியது. தலைக்கு ஓரணா செலவு. ஏழைப் பிள்ளை பசியால்தான் பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை என்பது அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது, அவர்கள் கையில் இருந்த அதிகாரத்தை வைத்துச் செய்தார்கள். 1925இல் அது ஏன் நின்றது? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாது என்று மேலே இருந்த அரசு கையை விரித்தது, அதனால் நின்றது. இன்று உலகமே பார்த்துப் பாராட்டும் ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தது உள்ளாட்சி, தடுத்தது மேலாட்சி. வலுவான மைய அரசைப் புகழ்கிற எந்தக் கட்டுரையிலும் இந்த இரண்டாவது பாதி வருவதில்லை.

காமராசர் காலத்துக் கதையிலும் ஒரு பாதியைத்தான் சொல்கிறோம். அந்த மதிய உணவு ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்த தானியத்தையும் காசையும் நம்பித்தான் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் கடைசியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். மேடையில் அரசாங்கம் கொடுத்தது குறைவு, ஊர் கொடுத்தது அதிகம். ஒருவர் இடம் எழுதி வைப்பார், ஒருவர் கூரைக்கு ஓடு தருவார், இல்லாதவர் ஒரு சுவர்க்கடிகாரமோ இரண்டு பெஞ்சோ வாங்கித் தருவார். எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிகளில் அந்தக் காலத்து பீரோக்கள் இன்னும் இருக்கின்றன, கதவில் கொடுத்தவர் பெயர் பெயிண்ட்டில் எழுதியிருக்கும். அந்தப் பள்ளியின் கதவு உடைந்தால் கேட்க ஊரில் நூறு பேர் இருந்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் வாங்கிப் போட்ட கதவு. இப்போது உடைந்தால் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுகிறோம்.

நான் நலத்திட்டங்களுக்கு எதிரி இல்லை. பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுவதை எதிர்க்கிற பழமைவாதம் எனக்குத் தெரியாது. நான் சொல்வது, அரசு ஊரோடு சேர்ந்து நடந்த காலத்தில் செய்த நல்ல காரியங்களைக் காட்டி, ஊரை ஓரங்கட்டிவிட்டு நடக்கிற இன்றைய வழக்கத்துக்கு நியாயம் தேடக்கூடாது என்பதுதான்.

ஓரங்கட்டிய வரலாற்றையும் பார்ப்போம். சென்னை மாநகராட்சி 1688இல் ஏற்பட்டது, இந்தியாவிலேயே பழமையானது. 1973இல் அதன் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றத்தை மக்கள் தேர்ந்தெடுத்தது 1996இல். 23 வருஷம் ஒரு பெருநகரத்தை அதிகாரிகள் ஆண்டார்கள். கிராமங்களில் 1970க்குப் பிறகு 1986இல் தேர்தல், அதற்குப் பிறகு 1996இல். இடையில் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் வந்தன. ஐந்து ஆண்டு பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்று சட்டமே சொன்ன பிறகும், 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 27 மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது, மற்ற ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில், நகரங்களில் 2022 பிப்ரவரியில். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியம் அந்த இடைக்காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2025 ஜனவரி 5இல் அந்த 27 மாவட்டத்து ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் மறுபடியும் வந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களிலும் இதே கதை. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்ததும் அங்கேயும் தனி அலுவலர்களே பொறுப்புக்கு வந்தார்கள்.

இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் இது. எந்தக் கட்சியின் கொடி பறந்தாலும் தனி அலுவலரின் நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதுகூட 1996, 2006, 2011, 2022 என்று ஆட்சிக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருந்தது. மக்களுக்கு எது நல்லது என்று யோசித்து மாற்றியதாக யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

“சரி, மக்களே அக்கறைப்படவில்லையே” என்பார்கள். 2019 டிசம்பரில் ஊரகப் பகுதிகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நாலு நிறத்தில் நாலு சீட்டு. வெயிலில் வரிசையில் நின்று, யார் யாருக்கு எந்த நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மடித்துப் போட்டார்கள். சென்னையில் 2022இல் பாதிப்பேர்கூட வரவில்லை. நகரத்து ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று அப்போது தலையங்கம் எழுதினார்கள். ஒரு தலைமுறை முழுக்கக் கவுன்சிலர் என்ற ஒருவரையே பார்க்காமல் வளர்ந்த நகரம் அது. பழக்கத்தைக் கெடுத்துவிட்டுப் பழக்கமில்லை என்று குறை சொல்வது நியாயமா?

தேர்தல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இலைக்காரர் கேட்டாரே, அதை நான் நேரில் பார்த்தேன். 2025 மே 1, திருவண்ணாமலைப் பக்கம் ஒரு ஊர். உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன், கிராமசபை என்றதும் கூடவே போனேன். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, அதன்மேல் தீர்மானப் புத்தகம். தலைவர் இல்லை. தனி அலுவலருக்கு அதுபோலப் பல ஊர்கள், அவரும் வரவில்லை. கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளராக ஒரு இளைஞர் வந்திருந்தார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை மூச்சு விடாமல் வாசித்தார். நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வருகைக் கையெழுத்துக்காக ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒரு அம்மா எழுந்தார். ஐம்பது வயசிருக்கும். “சார், டேங்க் மோட்டாருக்கு மூணு தடவ காயில் கட்டினதா படிச்சாரு. நான் டேங்குக்கு எதுத்த வீடு. ஒரு தடவதான் மோட்டாரக் கழட்டிட்டுப் போனாங்க, நான் பார்த்தேன்.”

கூடம் அமைதியானது. செயலர் பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: “அம்மா, அத ஒரு மனுவா எழுதிக் குடுங்க. மேல அனுப்பறோம்.”

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். கேள்வி செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

தலைவர் ஒருவர் இருந்திருந்தால் நல்ல பதில் சொல்லியிருப்பார் என்று நான் சாதிக்கவில்லை. மழுப்பியிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம், அந்த அம்மாவை முறைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் அவர் அதே தெருவழியாகத்தான் போக வேண்டும். அதே டீக்கடையில் நாலு பேர் “என்ன தலைவரே, மோட்டாரு கத என்னாச்சு?” என்று கேட்பார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்த அம்மாவின் வீட்டு வாசலில் கைகூப்பி நிற்க வேண்டும். அந்தப் பற்றாளருக்கு இந்தப் பயம் எதுவும் கிடையாது. அவர் மேலே பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியவர். கீழே இருப்பவர்களிடம் அவர் காட்டுவது மரியாதை மட்டும்தான். மரியாதைக்கும் பொறுப்புக்கும் இடையில் இருக்கிற தூரத்தை அன்றைக்குப் பார்த்தேன்.

இந்த ‘மனு’ என்ற ஒரு சொல் போதும், நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பதைச் சொல்ல. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. மனுநீதி நாள். அம்மா திட்டம். முதல்வரின் முகவரி. மக்களுடன் முதல்வர். 2025 ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின், அதில் 10,000 முகாம்கள். எல்லாவற்றிலும் ஜனங்களுக்கு ஏதோ ஒரு காரியம் நடந்திருக்கும், மறுக்கவில்லை. பட்டா மாறாத விவசாயிக்கு யார் பெயரில் முகாம் நடந்தால் என்ன, பட்டா மாறினால் சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள். தெருவிளக்கு எரியாததற்கும் சாக்கடை அடைத்ததற்கும் ஒரு மாநில முதலமைச்சரின் பெயரில் முகாம் போட்டு மனு வாங்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தெருவுக்குப் பொறுப்பானவர் அந்தத் தெருவில் யாருமே இல்லை என்று அர்த்தம். பத்தாயிரம் முகாம்கள் பெரிய சாதனை என்கிறார்கள். எனக்கு அது பத்தாயிரம் இடங்களில் உள்ளாட்சி வேலை செய்யவில்லை என்பதற்கு அரசே கொடுத்த ஒப்புதலாகப் படுகிறது.

முதலமைச்சர்களை நாம் அம்மா என்றும் அப்பா என்றும் கூப்பிடப் பழகிவிட்டோம். பாசத்தில் கூப்பிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவர்களிடம் பிள்ளை கணக்குக் கேட்பதில்லை. அரசாங்கம் நமக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. நம் பணத்தை நமக்காகச் செலவு செய்ய நாம் வைத்திருக்கும் பொறுப்பாளர். பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்பது பாசக்குறைவு ஆகாது.

கணக்கு என்றதும் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் மாநில அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. அதைப் படித்து அன்று எல்லோரும் பதறினார்கள். 2025-26 நிதிநிலை அறிக்கையின் மதிப்பீட்டில், 2026 மார்ச் முடிவில் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். இப்போது யாரும் பதறவில்லை. கடன் வாங்குவதே குற்றம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பொருளாதாரம் தெரியாமல் இல்லை. ஆனால் யாருடைய கண்ணுக்கும் தெரியாத தூரத்தில் வாங்கப்படும் கடனுக்கும் செய்யப்படும் செலவுக்கும் யாரும் பதறமாட்டார்கள் என்பது மனித இயல்பு. ஊராட்சி வீட்டு வரியில் ஐம்பது ரூபாய் கூட்டினால் ஊரே கூடிவிடும். அந்தக் கூட்டம்தான் சிக்கனத்தின் காவல்காரன்.

மதுவைப் பாருங்கள். 2003 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில். 2024-25இல் அதன்மூலம் வந்தது 48,344 கோடி ரூபாய். எங்கள் ஊருக்குக் கடை வேண்டாம் என்று எத்தனையோ கிராமசபைகள் தீர்மானம் போட்டிருக்கின்றன. அந்தப் பணத்தை நம்பி நிற்கும் அரசு அந்தத் தீர்மானத்தை எந்த மனதோடு படிக்கும்? இங்கே ராஜாஜியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் வருமானம் போகும் என்று தெரிந்து 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்த வருமானம் வேண்டாம், அதற்குப் பதில் இந்த வரியைக் கொடுங்கள் என்று மக்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன கணக்கு அது. கெட்ட பெயர் வாங்கிக்கொண்டுதான் செய்தார். வரவையும் செலவையும் ஒரே மூச்சில் மக்களிடம் சொல்லும் அந்த நாணயத்தைத்தான் நான் பழமைவாதம் என்கிறேன்.

உடனே குலக்கல்வியை எடுத்து வீசுவார்கள். வீசட்டும், அதற்கு உரிமை உண்டு. 1953இல் அவர் கொண்டுவந்த அந்தத் திட்டம் தப்பு. பிள்ளையைப் பாதி நாள் அப்பன் தொழிலுக்கு அனுப்புவது, அந்தச் சமூகத்தில் சாதியை இன்னும் இறுக்கிக் கட்டுவதில்தான் முடியும் என்பதை அவர் பார்க்க மறுத்தார். 1954இல் பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டம் போனது. நல்லதே நடந்தது. ஆனால் அது எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். சட்டமன்றத்தில் விவாதித்து வரவில்லை, பெற்றோரைக் கேட்டு வரவில்லை. கோட்டையிலிருந்து ஒரே உத்தரவில் மாகாணத்துக் கிராமப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்து இறங்கியது. பெரிய மனிதர், பெரிய அறிவாளி, பெரிய அதிகாரம், தூரத்திலிருந்து போட்ட கையெழுத்து. மேலிருந்து ஆள்வதில் இருக்கிற ஆபத்துக்கு அதைவிட நல்ல உதாரணத்தை என் எதிர்த்தரப்பே எனக்குக் கொடுக்க முடியாது.

இப்போது சாதி. இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம் இது, ஆனால் தாண்டிப் போகக்கூடாத இடமும் இதுதான். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றி வைத்த குற்றச்சாட்டு இன்னும் முழுசாகப் பதில் சொல்லப்படாமல் இருக்கிறது. பழமை பேசுகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்று 1,100 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் அது பிராமணர்களின் சபை. நிலமும் வீடும் வேதப்பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்த குடம். ஏரியை ஊராரே பராமரித்த குடிமராமத்தைப் புகழ்கிறோம். ஏரிக்கரையில் மண் சுமந்த கைகள் யாருடையவை, வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்ட நீர்க்கட்டி எந்தத் தெருவிலிருந்து வந்தார், ஏரி மீனிலும் ஏரிப் பாசனத்திலும் அவருக்கு என்ன பங்கு இருந்தது என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும். பழைய ஊரை அப்படியே திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கக்கூடாது.

1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியில் ஜெயித்ததற்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு உண்மையான தேர்தலே நடத்த முடியவில்லை. இன்றும் சில ஊர்களில் தலித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த செய்தி வருகிறது. தலைவர் பதவியைக் கோயில் திடலில் ஏலம் விட்ட செய்தி வருகிறது. இவை எல்லாம் வெட்கக்கேடு.

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? ஊருக்கு அதிகாரம் வேண்டாம் என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். முருகேசன் ஏன் கொல்லப்பட்டார்? அந்த நாற்காலிக்கு மதிப்பு இருந்ததால். கொன்றவர்களுக்கு அந்த நாற்காலி என்னவென்று தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற மக்களுக்கும் தெரிந்திருந்தது. அந்த நாற்காலியையே தூக்கி ஒரு அலுவலகத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுவது அவருக்குச் செய்யும் நியாயமா? அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே வெளியே விட்டது மாநில அரசு. ஊரின் சாதியிலிருந்து சென்னை நம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் அந்த உத்தரவை ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும்.

பாப்பாபட்டியில் முட்டுக்கட்டை எப்படி உடைந்தது? 2006இல் அரசு உறுதியாக நின்றது, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, தேர்தல் நடந்தது, தலித் தலைவர்கள் பதவி ஏற்றார்கள். அரசின் வேலை அது. சட்டத்தை நிலைநாட்டுவது, பலவீனமானவனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது, பிறகு ஊரைத் தன் வேலையைச் செய்ய விடுவது. இட ஒதுக்கீடு வந்த பிறகுதான் பரம்பரையாக ஊர்ச் சபையில் நிற்கக்கூட இடமில்லாத ஒருவர் செக்கில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தார். பெண்களுக்குப் பாதி இடம் என்பதும் உள்ளாட்சியில்தான் நடந்தது, சட்டமன்றத்தில் இல்லை. இந்த நாட்டின் மூன்றடுக்கு அதிகாரத்தில் ஒடுக்கப்பட்டவருக்கும் பெண்ணுக்கும் அதிகம் கதவு திறந்திருப்பது கீழடுக்கில்தான். தேர்தலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் முதலில் வெளியே நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான். சாதியைக் காரணம் காட்டித் தனி அலுவலரை நியாயப்படுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969இல் ராஜமன்னார் குழு அமைத்தோம். 1974இல் மாநில சுயாட்சிக்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டோம். 2025இல் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி ஒரு குழு. டெல்லி தூரத்தில் இருக்கிறது, அதற்கு நம் மொழியும் தேவையும் தெரியாது, எங்கள் வரியை எடுத்துக்கொண்டு எங்களையே மனு போட வைக்கிறது என்பது நம் வாதம். நூற்றுக்கு நூறு சரியான வாதம். ஒரு பழமைவாதியாக அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதே வாதத்தை ஒரு ஊராட்சித் தலைவர் சென்னையைப் பார்த்துச் சொன்னால் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? டெல்லி ஒரு ஆளுநரை வைத்து நம் மசோதாக்களை நிறுத்தினால் கொதிக்கிறோம். ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவுப்படி, ஓட்டு வாங்கி வந்த தலைவரைப் பதவிநீக்கும் நடவடிக்கை ஒரு கலெக்டரின் கையில் இருக்கிறது. அதைப் பற்றி எந்தச் சுயாட்சி மாநாட்டிலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அதிகாரத்தைக் கீழே கொடு என்ற கொள்கை கோட்டை வாசலோடு நின்றுபோனால் அதைக் கொள்கை என்று சொல்ல முடியாது.

முடியுமா என்று கேட்பவர்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். எதில் செலவு செய்வது என்பதை ஊர்க்கூட்டம் பேசியது. 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் தவறவில்லை. 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு நடுவிலும் நடத்தினார்கள். இங்கே அதே வருஷம் கொரோனாவைக் காட்டிக் கிராமசபையைக்கூட ரத்து செய்தோம். கேரளத்தில் அதைச் செய்தது இடதுசாரி அரசு. நல்ல காரியத்தை யார் செய்தால் என்ன, கைதட்டுகிறேன். அந்த ஊர்களில் சாதி இல்லையா, ஊழல் இல்லையா, சண்டை இல்லையா? எல்லாம் உண்டு. சண்டை போட்டுக்கொண்டே பழகிவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஏரியைச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள், அதில் நூறு ஏக்கருக்குமேல் பாசனம் உள்ளவை அரசுத் துறையின் கீழ். எங்களுடையது அதில் ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஐப்பசி கடைசியில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. மடை ஷட்டரைத் திறந்தால் கீழ்வயல் தப்பும். திருகுகிற கைப்பிடி துறையின் ஊழியரான லஸ்கரிடம். அவருக்கு எங்களோடு சேர்த்து நாலு ஏரி, இருப்பதோ பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. போன் போகவில்லை. கரையில் இருபது பேர் டார்ச்சோடு நின்றார்கள். ஒருவர் கடப்பாரையைப் போட்டுத் திருகப் பார்த்தார். இன்னொருவர் தடுத்தார், “கவர்மெண்ட் பொருள், உடைஞ்சா கேஸாயிடும்” என்றார். பயந்தது நியாயம்தான். விடியும்வரை நின்றோம். கீழ்வயலில் கதிர் வந்த நெல் படுத்துவிட்டது. எங்கள் தாத்தாக்கள் வெட்டிய ஏரியின் கதவைத் திறக்க எங்களுக்கு உரிமையில்லை என்பதை அன்று ஈரத்தில் நின்று தெரிந்துகொண்டோம். பிறகு குடிமராமத்து என்ற பெயரில், விவசாயிகள் பத்து விழுக்காடு பங்கு தர வேண்டும் என்ற விதியோடு 2017இல் திட்டம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். பல இடங்களில் அதையும் ஒப்பந்தக்காரர்களே பெயரை மாற்றி எடுத்துச் செய்வதாகப் புகார் எழுந்தது. பெயரைக் கொடுத்தார்கள், கைப்பிடியைக் கொடுக்கவில்லை.

கைப்பிடியைக் கேட்போம். உள்ளாட்சித் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு நாள்கூடத் தவறாமல் நடக்க வேண்டும் என்று எல்லாக் கட்சிக்காரர்களையும் வாசலிலேயே நிறுத்திக் கேட்போம். ஊராட்சிக்குரிய நிதி ஊராட்சிக்கு நேராக வரட்டும். வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டுவோம், கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்போம். நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் வார்டுக் குழுவிலும் பகுதி சபாவிலும் யாரோ நியமித்த ஆட்களுக்குப் பதிலாகத் தெருக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் உட்கார வேண்டும் என்று கேட்கட்டும்.

கிராமசபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐந்நூறு பேருக்கு மேல் மூவாயிரம் பேர்வரை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால் கூட்டம் சட்டப்படி செல்லும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அந்த அம்மா மறுபடி எழுந்து மோட்டார் கணக்கைக் கேட்கும்போது, மனு எழுதிக் கொடுங்கள் என்று பதில் வந்தால், பக்கத்தில் இருக்கிற நீங்களும் எழுந்து நில்லுங்கள். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு உட்காருங்கள்.